மிக்சுவும் மிக்சர் பொட்டலமும்

வா மருமவனே, வா. கையில என்னது, மிக்சர் பொட்டலமா? நீ மாமனப் பாக்கப் பொட்டலத்தோட வந்தா ரெண்டுல ஒண்ணு: கடன் கேக்க வந்திருக்கணும், இல்லன்னா பெருமை பேச வந்திருக்கணும். முழிக்காத, ஒங்கம்மா காலைலயே போன்ல சொல்லிட்டா. டி லைசென்ஸ் பாஸ் பண்ணிட்டியாமே! இனிமே ஒன்ன ஏலேன்னு கூப்புட வாய் கூசும். கோச் சார்னு சொல்லிப் பழகணும்.

உக்காரு. கட்டில்ல இந்தப் பக்கம் கயிறு தொஞ்சு கெடக்கு, அங்கிட்டுத் தள்ளி உக்காரு. முட்டிய மடக்கும்போது ‘கடக்’குன்னு ஒரு சத்தம் கேக்குதே, அந்தச் சத்தத்துக்குத்தானா லைசென்ஸ் குடுத்தாவ? சரி சரி, மொறைக்காத. காலு போன பொறவு வாயால பொழைக்கிற தொழிலு அது. நல்ல தொழிலுதான். நானும் இடுப்புப் போன பொறவுதானே உப்பு வாருறத விட்டுட்டு அளத்துக் காவலுக்கு வந்தேன்.

எந்த டீமுக்குக் கோச்சாப் போகப் போற? என்னது, நம்மூர் டீமுக்கேவா?

‘சனம் என்னைய இன்னும் மறக்கல மாமா, கோயில் கொடைக்குப் போனாக்கூட அந்த மூணு கோலப் பத்தித்தான் பேசுதாவ’ங்க. அதான் மருமவனே எனக்கு வயித்தக் கலக்குது. சனம் மறந்திருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், திருநீறு பூசி அனுப்பி வச்சிருவேன்.

ஒரு ஆளு கதை சொல்லுதேன், கேளு. பேரு மிக்சு. பொட்டலத்தப் பாத்துக்கிட்டே சிரிக்காத, நெசமாவே பேரு அதான். மிக்சு பாத்தெலைனென். பெத்தவங்க வச்ச பேரு மிக்கா மத்தி, பின்லாந்துக்காரன், 1967ல பொறந்தவன். ஆளப் பாத்தா உப்பு லாரிக்குக் கை கால் மொளச்ச மாதிரி இருப்பான். முதுக வச்சு ஸ்டாப்பர் பேக்க அணைச்சுக்கிட்டு நின்னான்னா நகத்த முடியாது. தலையால முட்டுறதுல கெட்டிக்காரன்.

இந்தக் கிழட்டுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு பாக்கியா? அங்க சாயங்காலம் ஏழே முக்காலுக்கு விசில் ஊதுனா நமக்கு நடுராத்திரி பன்னண்டே கால். பனிக்காலம்னா ஒண்ணே கால். அந்நேரம் இந்த அளத்துல முழிச்சிருக்கிறது நானும் நாயும் மட்டும்தான். அம்பாரத்து மேல தார்ப்பாய் படபடன்னு அடிச்சுக்கிட்டே கெடக்கும். கண்ணு சொருகாம இருக்கணும்லா? ஒங்க அத்தை மவன் பழைய போன் ஒண்ணக் குடுத்துட்டுப் போனான். அதுல பந்தப் பாத்துப் பாத்து, ஸ்காட்லாந்துல எந்த மைதானத்துல எந்தப் பக்கம் காத்து வீசும்னுகூட இப்ப சொல்லிருவேன்.

இவன் வளந்து வந்த டீமு ஹாகா. வால்கியாகோஸ்கிங்கிற காகித ஆலை ஊரு டீமு. மைதானத்துக்கே ஆலை மைதானம்னுதான் பேரு. அப்பன் மத்தி, அதே ஹாகாவுக்கும் பின்லாந்துக்கும் ஃபார்வர்டா ஆடுன ஆளு. தம்பிமாரு மிக்கோ, மார்க்கஸ் ரெண்டு பேருக்கும் பந்துதான் சோலி. பனையேறி வீட்டுப் பயலுக்குப் பாளை சீவக் கத்துக்குடுக்கணுமா என்ன. ஆனா அந்த நாட்டுல பாதி வருசம் பனி. ஐஸ் மேல கம்ப வச்சு ஆடுற ஹாக்கிக்குத்தான் மொத மரியாத. கால்பந்துக்குக் கெடைக்கிறது, கபடிப் போட்டி நடக்குற ஊர்ல கேரம்போர்டுக்குக் கெடைக்கிற மரியாத. அதனால காலு நல்லா இருக்கிற பய எவனும் அங்க நிக்கமாட்டான், கப்பலேறிருவான்.

இவன் 1987ல ஸ்காட்லாந்து போனான், டண்டீ யுனைடெட் டீமுக்கு. டண்டீன்னா சணல் ஊரு. நம்ம அளத்துல உப்பு கட்டுன கோணிச்சாக்கு ஞாபகம் இருக்கா? அந்தச் சாக்கு ஏவாரத்துல ஒரு காலத்துல ராசா அந்த ஊருதான். வங்காளத்துச் சணல் கப்பலேறி அங்க போகும். அந்த ஊர்ல ஒரே தெருவுல ரெண்டு டீமு, ரெண்டு மைதானம். யுனைடெட்டுக்கு டானடைஸ், டண்டீக்கு டென்ஸ் பார்க். நாலு வீடு தள்ளி பங்காளி வீடு இருக்கிற மாதிரி. இதக் காதுல வாங்கி வச்சுக்க, பொறவு வேணும்.

அங்க மேனேஜர் ஜிம் மக்லீன். நீ கோச்சும்ப, அவிய மேனேஜர்ம்பாவ. 1971லேர்ந்து 1993 வரைக்கும் ஒரே நாற்காலி. கண்டிப்புன்னா அப்பிடி ஒரு கண்டிப்பு. 1983ல யுனைடெட்டுக்கு லீக் பட்டத்த வாங்கிக் குடுத்த மனுசன், ஸ்காட்டிஷ் கப் ஃபைனலுக்கு ஆறு தடவ போயி ஆறும் தோத்தாரு. அந்த ஆறுல ஒண்ணுல, 1988ல செல்டிக்கிட்ட 2-1ன்னு தோத்ததுல, மிக்சுவும் ஆடுனான். வாத்தியார் தோசம் ஒட்டிக்கிச்சு போல. அபர்டீனுக்குப் போயி 1993 ஃபைனல்ல ரேஞ்சர்ஸ்கிட்டத் தோத்தான். ஹிபர்னியனுக்குப் போயி 2001 ஃபைனல்ல மறுபடியும் செல்டிக்கிட்டத் தோத்தான். மூணு சட்டை, மூணு ஃபைனல், கப்பு மட்டும் கைக்கு எட்டல.

அதுக்காக அவன் ஆட்டம் சோடைன்னு நெனச்சிராத. 1995 மே 29, வெம்பிளி. போல்ட்டன் டீமுக்கு ஆடுதான். ஜெயிக்கிறவன் பிரீமியர் லீக்குப் போவான், தோக்குறவன் வீட்டுக்குப் போவான். எதுத்தாப்புல ரெடிங். ஆரம்பத்துலயே ரெடிங் ரெண்டு கோலப் போட்டுட்டான், பத்தாததுக்குப் பெனால்டியும் கெடச்சுது. அதையும் போட்டிருந்தா போல்ட்டன்காரன் பஸ்ஸப் புடிக்கக் கெளம்பியிருப்பான். கோல் கீப்பர் பிரானகன் பாஞ்சு தட்டிட்டான். அங்கேர்ந்து திரும்புச்சு பாரு ஆட்டம். ஒண்ணு திருப்பி, முடியுறதுக்கு நாலு நிமிசம் இருக்கும்போது இன்னொண்ணு திருப்பி, எக்ஸ்ட்ரா டைம்ல மூணாவது கோலு மிக்சுவோடது. தலை! கடைசில 4-3. பிரீமியர் லீக்குல ஆடுன மொதப் பின்லாந்துக்காரன் இவன்தான். அடுத்த வருசமே போல்ட்டன் கடைசி எடத்துல வந்து எறங்குனதச் சொல்லி ஒன் உற்சாகத்தக் கெடுக்கமாட்டேன்.

பின்லாந்துக்கு 70 ஆட்டம், 18 கோலு. அதுல நாலு ஒரே நாள்ல போட்டது, 1994ல சான் மரீனோ மேல. சான் மரீனோன்னா நீ சிரிப்ப. நம்ம தாலுகாவ விடச் சின்ன நாடுதான். ஆனா அன்னைக்கு பின்லாந்து போட்டதே மொத்தம் நாலுதான், நாலும் இவன் போட்டது. மத்த பத்துப் பேரும் மிக்சர் சாப்ட்டுக்கிட்டு நின்னானுவளான்னு கேக்காத. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

இப்ப சொல்லப்போறதுதான் ஒன் கதை. 2000 அக்டோபர் 22. எடின்பரா ஊர்ல ஹிபர்னியனுக்கும் ஹார்ட்ஸுக்கும் பரம்பரைப் பகை. அண்ணன் ஒரு டீமு, தம்பி ஒரு டீமுன்னு தீபாவளிக்குக்கூடப் பேசிக்கமாட்டானுவ, அங்க தீபாவளி இல்லங்கிறது வேற. ஹிபர்னியன் சொந்த மைதானமான ஈஸ்டர் ரோட்டுல ஆட்டம். 6-2! அதுல மூணு மிக்சுவோட கோலு. வயசு முப்பத்தி மூணு, ஒன் வயசுதான், முட்டி மட்டும் ஒன்னோடத விட உசத்தி. அன்னையிலேர்ந்து அந்தத் தெருவுல மிக்சுன்னா குலசாமி. பெரியவன்லேர்ந்து பொடுசு வரைக்கும் அவன் பேரச் சொல்லி ஒரு கூவு. இப்பக்கூட வயசான ஹிப்ஸ்காரன, அதான் ஹிபர்னியன்காரன, ஒரு கிளாஸ் வாங்கிக் குடுத்து உக்கார வச்சா, மூணு கோலையும் மேசை மேல உப்பு சாடியையும் வெரலையும் வச்சே போட்டுக் காட்டிருவான்.

ஒனக்கும் அதே மூணு கோலு. அதே பக்கத்தூர்க்காரன் மேல. புரியுதா, நான் எதுக்கு வயித்தப் புடிச்சேன்னு?

காலு சொன்ன பேச்சு கேக்காத வயசுல மிக்சுவும் கோச்சாகணும்னு கெளம்புனான். மொதல்ல எங்க போனான் தெரியுமா? கௌடன்பீத். நிலக்கரிச் சுரங்கம் தோண்டி, தோண்டி முடிச்சுட்டு, குழிய மட்டும் மிச்சம் வச்சிருக்கிற ஊரு. ஸ்காட்லாந்து லீக்குல அன்னைக்குக் கட்டக்கடைசிப் படி. நீலச் சட்டை போடுறதால அந்த டீமுக்கு நீலப் பிரேசில்னு அவிய வச்சுக்கிட்ட பேரு. நையாண்டில நம்மள மிஞ்சுன சனம். மைதானத்தச் சுத்தித் தார் ரோடு போட்டிருக்கும். ஆட்டம் முடிஞ்ச சாயங்காலம் அதுல ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிற கார் பந்தயம் நடக்கும். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால டயர் வாசம் அடிக்கும். வெம்பிளில தலையால முட்டுன ஆளு, அங்க போயி சில நூறு பேருக்கு முன்னால ஆடிக்கிட்டே கோச்சாவும் இருந்தான். தம்பிமாரையும் கூட்டிக்கிட்டான். 2005-06ல அந்த டிவிஷன்ல மொத எடம்.

பொறவு பின்லாந்துல துர்க்குங்கிற ஊருக்குப் போனான். டி.பி.எஸ். டீமு. அங்க அவன் ஆடுனதே கெடையாது. 2007ல லீக்குல மூணாவது எடம், வெண்கலம். சோலி சுத்தம்.

2008 சனவரில ஹிபர்னியன் கூப்புட்டாவ. குலசாமி திரும்பி வாருது! மூணு கோல் அடிச்ச கை, இல்ல கால், இல்ல தலை, எதுவோ ஒண்ணு வருதுன்னு ஊரே கூடிச்சு. இருந்தது ஒண்ணரை வருசம்கூட இல்ல. ரெண்டு சீசனும் ஆறாவது எடம். ஆறாவது எடம்னா அந்த டீமுக்குக் கேவலம் ஒண்ணும் இல்ல. வேற எவனாவது இருந்தா ‘பரவாயில்ல’ன்னு விட்டிருப்பானுவ. ஆனா இவனப் பாக்கும்போதெல்லாம் அவனுவ கண்ணுல அந்த 6-2 ஓடுது பாத்துக்க. பந்து மேலேயே பறக்குது, ஆட்டத்துல அழகு இல்ல, அந்தப் பழைய ஹிப்ஸ் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சானுவ. அந்தப் பழைய ஹிப்ஸே இவன்தானேடான்னு ஒருத்தனும் திருப்பிக் கேக்கல. 2009 மேல அவனே பைய எடுத்துக்கிட்டு எறங்குனான்.

பொண்ணுப் பாக்கப் போன வீட்டுல ஒனக்கு வச்ச பலகாரம், அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையாப் போயி பத்து வருசம் ஆன பொறவும் வைப்பாவன்னு நெனைக்கியா? ஒங்க அத்தைகிட்டக் கேளு, நான் சொல்லமாட்டேன்.

அடுத்தது கில்மார்னாக். ஜானி வாக்கர் பொறந்த ஊரு. அங்கிட்டு என்ன பார்வை? நான் பாட்டில்ல எழுதியிருக்கிறதப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன், காலி பாட்டில். அந்த டீமு அதுக்கு முந்துன வருசம் கடைசி ஆட்டத்துல ஃபால்கர்க் கூட 0-0 ஆடி, கீழ எறங்காம மயிரிழைல தப்பிச்ச டீமு. அங்கயும் மிக்சு ஆடுனதே இல்ல. அவன் பேரச் சொல்லி யாரும் பாடுறதுக்கு ஒரு பழைய கோலும் இல்ல. அலெக்சேய் எரெமெங்கோன்னு ஒரு பின்லாந்துப் பயலக் கொண்டாந்தான். ஓடமாட்டான், வேர்க்கமாட்டான், ஆனா பந்த அனுப்புனான்னா ஊசில நூல் கோத்த மாதிரி போகும். அதே டீமு அந்த வருசம் அஞ்சாவது எடம். மேல பறக்குது பந்துன்னு ஹிப்ஸ்ல திட்டு வாங்குனவன்தான், இங்க தரையோட தரையா ஆட வச்சு எல்லாரையும் வாயப் பொளக்க வச்சான்.

ஆனா அந்த அஞ்சாவது எடத்த அவன் உக்காந்து பாக்கல. 2011 மார்ச்சுல பின்லாந்து கூப்புட்டுது, தேசத்துக்கே கோச்சா வான்னு. பாட்டில்ல ஒருத்தன் கம்ப வீசிக்கிட்டு நடந்துக்கிட்டே இருப்பாம்லா, அவன மாதிரி கெளம்பிட்டான்.

நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா பைய வாங்கி அட்டாலில போட்டிருப்பேன். 70 ஆட்டம் ஆடுன டீமு, அப்பன் ஆடுன டீமு. வேண்டாம்னு சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் கண்ணி. அந்தச் சூன்லயே ஸ்வீடன்காரன் 5-0ன்னு போட்டு வரவேற்பு குடுத்தான். ஆனா ஒரு ராத்திரி உண்டு, அத மறைச்சுச் சொன்னா பாவம். 2013 மார்ச் 22, ஸ்பெயின்ல கிகோன்ங்கிற ஊரு. அன்னைக்கு ஸ்பெயின்னா ஒலகக் கப்பும் அவனுவகிட்ட, ஐரோப்பாக் கப்பும் அவனுவகிட்ட. அவனுவ ஆளு ராமோஸுக்கு நூறாவது ஆட்டம், அவனே கோலும் போட்டுட்டான். விருந்துக்கு எல போட்டாச்சு. பின்லாந்துக்காரன் பதினோரு பேரும் தன் கோல் வாசல்லயே அம்பாரமாக் குவிஞ்சு நின்னானுவ. பந்து சுத்துது, சுத்துது, கெடைக்கவே மாட்டேங்குது. 79ஆவது நிமிசம் தெமு புக்கின்னு ஒரு பய, கெடச்ச பந்த உள்ள தள்ளிட்டான். 1-1! சாம்பியன் வீட்டுல போயி பாதிப் பலகாரத்த எடுத்துக்கிட்டு வந்தான் மிக்சு. அந்தக் குரூப்புல ஸ்பெயினும் பிரான்சும் இருந்துது, பின்லாந்துக்கு மூணாவது எடம்.

ரெண்டு வருசம் கழிச்சு, 2015 சூன். ஹெல்சின்கில ஹங்கேரிகிட்ட 1-0ன்னு தோல்வி. பின்லாந்துக்காரனுக்கு ஹங்கேரின்னாலே சனிப் பார்வை. 1997ல ஜெயிச்சுட்டோம்னு நெனச்சுக்கிட்டு நின்னப்ப, கடைசி நேரத்துல சொந்த ஆளுங்க மேலேயே பந்து பட்டுத் தெறிச்சு, கோல் கீப்பர் மேலயும் பட்டு உள்ள உருண்டு, வந்த வாய்ப்பு போச்சு. அந்தப் பழைய புண்ணும் சேந்து வலிச்சிருக்கும். தோத்த கையோட மிக்சுவ வீட்டுக்கு அனுப்பிட்டாவ.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாதும்பாவ. இவன் நேரா அடுப்புலயே ஏறி உக்காந்தான். அதே வருசம் அக்டோபர்ல டண்டீ யுனைடெட் கூப்புட, ஓடுனான். இருவது வயசுல மொதமொதல்ல எறங்குன வீடு. அவன் போறப்பவே டீமு கடைசி எடத்துல கெடந்துது, அது அவன் குத்தமில்ல. முங்குற தோணில ஏறி, துடுப்பு எங்கன்னு கேட்ட கதை.

காதுல வாங்கி வச்சுக்கன்னு ஒண்ணு சொன்னேம்லா? அந்த ஒரே தெரு, ரெண்டு மைதானம். 1983 மே 14ல மக்லீன் லீக் பட்டத்த வாங்குனது எங்கங்க? சொந்த மைதானத்துல இல்ல. பங்காளி வீட்டுல, டென்ஸ் பார்க்குல, டண்டீய 2-1ன்னு ஜெயிச்சு. பங்காளி கண்ணு முன்னாலயே மாலை போட்டுக்கிட்டுத் தெருவுல ஊர்வலம். அத டண்டீக்காரன் முப்பத்தி மூணு வருசம் நெஞ்சுல வச்சு ஆத்திக்கிட்டே இருந்தான். 2016 மே 2, திங்கக்கெழம ராத்திரி. அதே டென்ஸ் பார்க். தோத்தா யுனைடெட் கீழ் டிவிஷனுக்கு எறங்கணும். மிக்சு டீமுதான் மொத கோலப் போட்டுது. பொறவு டண்டீ திருப்பிச்சு. ரெஃப்ரி வாட்சப் பாக்குற நேரம், கூடுதல் நிமிசத்துல கிரெய்க் வைட்டன்னு ஒரு சின்னப் பய அடிச்சான். 2-1. அதே எண்ணு, அதே மைதானம், கை மட்டும் மாறிப் போச்சு. யுனைடெட் ஆளுங்க அதே தெரு வழியாத்தான் வீட்டுக்கு நடந்து போகணும், வேற வழி கெடையாது. நான் போன்ல அத மூணு தடவ பாத்தேன். மிக்சு கையக் கட்டிக்கிட்டு நிக்கான். அந்த லாரி ஒடம்பு அன்னைக்கு ஏதோ சுருங்கிப் போன மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு வேல போச்சு.

எண்ணிப் பாரு. கௌடன்பீத், துர்க்கு, கில்மார்னாக்: மூணும் தெரியாத ஊரு, மூணுலயும் நல்ல பேரு. ஹிபர்னியன், பின்லாந்து, யுனைடெட்: மூணும் தன் பேரப் பாடுன ஊரு, மூணுலயும் பொட்டி கட்டுனான். அது ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். பொறவு தாய்லாந்து போனான், லாத்வியா போனான், 2019லேர்ந்து ரெண்டு வருசம் ஹாங்காங் டீமுக்கும் இருந்தான். தெரியாத ஊருன்னா தேன் ஒழுகும்னு இல்ல, அங்கெல்லாம் பெரிசா ஒண்ணும் கொட்டல. ஆனா அங்க தோத்தப்ப எவனும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுததா நான் கேள்விப்படல.

என்ன, ஜிடேனா? ரியல் மாட்ரிட்ல ஆடி, அங்கயே கோச்சாகி, மூணு வருசம் தொடந்து சாம்பியன்ஸ் லீக் வாங்குனானேன்னு கேக்கியா? ஒருத்தன் பனை உச்சிலேர்ந்து குதிச்சும் காலு ஒடியலன்னா, நாம ஏணிய வித்துருவோமா? ஒன் டீம்ல ரொனால்டோ இருக்கானா? நம்ம டீம்ல இருக்கிறவன் ரொனால்டோ இல்ல, ரொனால்ட். அவன் வாரதே ஞாயித்துக்கெழம மட்டும்.

சொந்த ஊர்லயே ஜெயிச்ச ஒருத்தனச் சொல்லுதேன். மிக்சுவுக்குப் பக்கத்து நாற்காலில துணைக் கோச்சா ஒருத்தன் உக்காந்திருந்தான். மார்க்கு கானெர்வா. படிப்பு சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குற வாத்தியார் படிப்பு. இவனும் பின்லாந்துக்கு 59 ஆட்டம் ஆடுனவன்தான், ஆனா டிஃபென்ஸ். ஸ்டாப்பர் பேக்குக்கு எவன்டே பாட்டு கட்டியிருக்கான்? அதனால அவன எவனும் நிமிந்துகூடப் பாக்கல. மிக்சு போன பொறவு நாலு ஆட்டத்துக்கு இவனப் புடிச்சுத் தற்காலிகமா நிறுத்துனாவ. கிரேக்கம் போயி ஜெயிச்சான், நாலு ஆட்டத்துல ஒண்ணுகூடத் தோக்கல. பரிசு என்ன குடுத்தாவ தெரியுமா? ‘தள்ளி உக்காரு’ன்னு சொல்லிட்டு ஸ்வீடன்லேர்ந்து ஹான்ஸ் பாக்கேன்னு ஒருத்தரக் கூட்டியாந்தாவ. அவரு வந்த 2016 முழுக்க ஒரு வெற்றிகூடக் கெடையாது. வாத்தியார் வாயத் தொறக்கல, மறுபடியும் துணை நாற்காலில போயி உக்காந்துக்கிட்டான். நீயா இருந்தா லைசென்ஸக் கிழிச்சு மூஞ்சில எறிஞ்சிருப்ப.

அந்த வருசக் கடைசில நாற்காலி வந்து சேந்துது. 2019 நவம்பர் 15ல லீக்டன்ஸ்டைன 3-0ன்னு ஜெயிச்சு, பின்லாந்து ஆம்பளைங்க டீமு மொதமொதல்ல பெரிய போட்டிக்குப் போச்சு. அந்த டீமுக்குப் பட்டப் பேரு ஆந்தை, தெரியுமா? 2007ல ஹெல்சின்கில பெல்ஜியம் கூட ஆடும்போது ஒரு கொம்பன் ஆந்தை பறந்து வந்து மைதானத்துல உக்காந்துக்கிச்சு. ஆட்டத்தயே நிறுத்திப்புட்டாவ. நம்மூரா இருந்தா தண்ணி தெளிச்சு வெரட்டிட்டு மந்திரவாதியத் தேடியிருப்போம். அவிய ஜெயிச்சுட்டு, ஆந்தைக்குப் பட்டம் குடுத்து, அந்தப் பேரையே டீமுக்கும் வச்சுக்கிட்டாவ. ராத்திரி முழிச்சிருக்கிற சாதில்லா, எனக்கு அதுமேல ஒரு பாசம்.

வாத்தியாரும் நெலைக்கலன்னு வையி. 2024ல நேஷன்ஸ் லீக்குல ஆறு ஆட்டமும் தோத்து, அவனும் எறங்குனான். அடுத்தாப்புல டென்மார்க்கிலேர்ந்து ஒருத்தன். ஆனா எறங்கும்போது அவன எவனும் ஏசுனதா நான் கேள்விப்படல. ஏசுறதுக்கு முன்னால ஏத்தி வைக்கணும்லா, அவன ஆடுன காலத்துல எவனும் ஏத்தியே வைக்கலையே.

நீ ஸ்டாப்பர் பேக்கா இருந்திருந்தா நான் இவ்வளவு பேச்சு பேசியிருக்கமாட்டேன் மருமவனே. நீ ஃபார்வர்டு. ஒம்பது பந்த வெளிய அடிச்சுட்டுப் பத்தாவத உள்ள போட்டா ஒன்னத் தோள்ல தூக்கிட்டுப் போனானுவ. கோச்சு ஒம்பது ஆட்டம் ஜெயிச்சுட்டுப் பத்தாவதத் தோத்தா, அதே தோள்ல தூக்குவானுவ. தூக்கிட்டுப் போற எடம்தான் வேற.

கண்ணு கலங்குதே. சவத்த, ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னா! ஒனக்கு ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன்டே. நேத்துச் சாயங்காலம் பக்கத்தூர்க்காரன் ரெண்டு பேரு உப்பு ஏத்த வந்தானுவ. அந்த ஊர் டீமுக்குக் கோச் தேடுதானுவளாம். ஆமா, நீ மூணு கோல் அடிச்சியே, அதே ஊருதான். ஒம் பேரச் சொன்னேன். ஒருத்தன் கெட்ட வார்த்தை சொல்லித் துப்பிட்டான். இன்னொருத்தன் செத்த நேரம் யோசிச்சுட்டு, வரச்சொல்லுங்கன்னுட்டான். சம்பளம் கெடையாது, ஆட்டத்துக்கு டீயும் வடையும். அங்க ஒன்னப் பாத்து ஒருத்தனும் பாடமாட்டான், நான் உறுதி சொல்லுதேன். துப்புனவன் பேரு மட்டும் கேக்காத, அவந்தான் டீமு கேப்டன்.

நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போயிரு. வெறுங்கையோட போ. பொட்டலத்த இங்கயே வச்சிட்டுப் போ, ராத்திரிக்கு ஒரு ஆட்டம் இருக்கு.